ராணுவ ஜீப் வாங்கும் முன் பிரேக்கை மிதித்துப் பாருங்கள்

புதுப் பெயின்ட் மணம் போகாத ஜீப் ஒன்று பட்டறைக்கு வந்தது. ஆலிவ் பச்சை, பானெட்டில் வெள்ளை நட்சத்திரம், பக்கவாட்டில் வார் போட்டுக் கட்டிய மண்வெட்டியும் கோடரியும். வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. “அண்ணே, காலால ஒரு மிதி, உடனே ஸ்டார்ட் ஆகுது. இன்ஜின் அவ்வளவு சுத்தம்” என்றார் வாங்கியவர். நான் பிரேக் பெடலை மிதித்து, காலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன். ஒரு நிமிடத்துக்குள் பெடல் மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. “இதுல எவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்தீங்க?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

பெரும்பாலானவர்கள் ஜீப் வாங்குவது இப்படித்தான். இன்ஜின் சத்தத்தைக் கேட்பார்கள், புகையைப் பார்ப்பார்கள், நட்சத்திரத்தைத் தடவிப் பார்ப்பார்கள். உண்மையில் இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்பின் அந்த 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன் இன்ஜினைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. நான்கு சிலிண்டர், சைடு வால்வு, எளிய அமைப்பு. கெட்டுப்போனாலும் வண்டி ஓடாது, அவ்வளவுதான். பிரேக் கெட்டுப்போனால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

1941 முதல் 1945 வரை வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ என்ற இரண்டு பெயர்களிலும் சேர்த்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் செய்யப்பட்டன. அந்த ஜீப்பில் பிரேக் ஆயிலுக்கு ஒரே பாதைதான். ஓட்டுநரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே, பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் ஒரு மாஸ்டர் சிலிண்டர். அதிலிருந்து நான்கு சக்கரங்களுக்கும் குழாய் பிரிகிறது. இன்றைய கார்களில் ஒரு பாதை கசிந்தாலும் இன்னொன்று பாதி பிரேக்காவது கொடுக்கும். இதில், சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர் ஒன்றின் ரப்பர் கிழிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. சாதாரண பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் அந்த ஈரம் சிலிண்டரின் உட்சுவரை அரித்து வைத்திருக்கும். வெளியே துடைத்துப் பெயின்ட் அடித்துவிட்டால் ஒன்றும் தெரியாது. ஆகவே சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம் நான்கையும் கழற்றிப் பார்க்காமல் விலை பேச வேண்டாம்.

கழற்றும்போது இன்னொன்று. டிரம்மை உரசிப் பிடிக்கும் அந்தக் காலத்து லைனிங்கில், நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்முக்குள் சேர்ந்த தூசியை ஏர் பிடித்து ஊதுகிற பழக்கம் பட்டறைகளில் உண்டு. நானும் இளவயதில் ஊதியவன்தான். இப்போது ஈரத்துணியால் துடைக்கிறேன், தகுந்த முகக்கவசம் இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடுவதில்லை.

கைபிரேக்கைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். சக்கரத்தைப் பிடிக்கிற கைபிரேக் அல்ல இது. முன், பின் அச்சுகளுக்கு இயக்கத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம் ஒரு டிரம் இருக்கும், அதைத்தான் இது இறுக்குகிறது. அதாவது பிடிபடுவது பின்னால் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் என்ற சுழல்தண்டு. அதே இடத்தில் இருக்கும் ஆயில் சீல் தேய்ந்தால், கசிகிற எண்ணெய் நேராக லைனிங்கை நனைக்கும். லிவரை எவ்வளவு இழுத்தாலும் பிறகு பயனில்லை. இன்னும் மோசமானது பஞ்சர் மாற்றும்போது நடக்கும். கைபிரேக் போட்டாயிற்று என்ற தைரியத்தில் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்குவீர்கள். ஷாஃப்ட் அசையாமல் இருந்தாலும், இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரென்ஷியல் வழியாக, தரையில் இருக்கும் சக்கரம் ஒருபுறம் சுழல, தூக்கிய சக்கரம் எதிர்ப்புறம் சுழலும். வண்டி ஜாக்கியிலிருந்து நழுவி இறங்கிவிடும். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்காமல் ஜாக்கியைத் தொடாதீர்கள்.

சக்கரம் என்றதும் இரண்டு விஷயம். போர்க்கால ஜீப்பில் இடதுபுறச் சக்கர நட்டுகள் தலைகீழ் மரை. வலதுபுறம் கழற்றுகிற திசையில் இடதுபுறம் திருப்பினால் இறுகும். தெரியாமல் நீளக் குழாய் மாட்டி ஏறி மிதித்து ஸ்டட்டை முறித்துக்கொண்டு வந்தவர்களை எண்ணி முடியாது. அது செலவோடு போகும். அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. அந்த ஜீப்புகளில் பெரும்பாலானவற்றில் ரிம் இரண்டு பாதிகளாகச் செய்து போல்ட் போட்டு இணைத்தது. சக்கரத்தை ஹப்போடு பிடிக்கும் ஐந்து நட்டுகள் வேறு, ரிம்மின் இரு பாதிகளைப் பிடிக்கும் நட்டுகள் வேறு. டியூபில் காற்று இருக்கும்போது இரண்டாவது வகையைத் தளர்த்தினால் ரிம் வெடித்துப் பிரியும். முகத்துக்கு நேரே. முதலில் வால்வு ஊசியைக் கழற்றிக் காற்று முழுதும் இறங்கட்டும். எங்கள் பட்டறையில் ரிம் நட்டுகளுக்குச் சிவப்பு அடித்துவிடுவோம். மூலவண்டியில் சிவப்பு கிடையாதே என்று கோபித்துக்கொண்ட வாடிக்கையாளர் உண்டு. கோபித்துக்கொள்ளட்டும்.

“எல்லாமே ஒரிஜினல்” என்ற பேச்சையும் அளவாகவே நம்புங்கள். வில்லிஸ், ஃபோர்டு இரண்டின் பாகங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படியே செய்யப்பட்டன. ராணுவப் பட்டறைகளிலேயே இதைக் கழற்றி அதில் மாட்டினார்கள். சேஸிஸ் எதனுடையது என்று பார்க்க, ரேடியேட்டருக்கு அடியில் இருக்கும் முன் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். உருளைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், கவிழ்த்த ‘ப’ வடிவத்தில் இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு தன் பாகங்களிலும் போல்ட் தலைகளிலும்கூட ‘எஃப்’ எழுத்தைப் பொறித்தது. டேஷ்போர்டுத் தகடுகளைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவை புதிதாகவே அச்சடித்து விற்கப்படுகின்றன. எண்ணைச் சேஸிஸில் பார்த்து, பதிவு ஆவணத்தோடு ஒப்பிட்ட பிறகே பணம் கைமாற வேண்டும்.

பாடிக்கு ஒரு சின்னக் காந்தம் போதும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பூசிய பட்டிதான் இருக்கிறது. பின்தளத்துக்கு அடியில் தொப்பி வடிவச் சட்டங்கள் உண்டு, அவற்றுக்குள் மரக்கட்டை வைத்திருப்பார்கள். கட்டை நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு உள்ளிருந்தே இரும்பைத் தின்னும். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு நேர் அடியில் உட்கார்ந்திருக்கிறது, அந்தக் குழியும் துருவுக்குப் பிடித்த இடம். டேங்கை இறக்கி வெளியே கொண்டுபோகாமல் அங்கே வெல்டிங் வைக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். காலி டேங்கில் நிற்கும் ஆவி, நிரம்பிய டேங்கைவிட ஆபத்தானது.

ஸ்டியரிங்கில் ப்ளே, அதாவது வெற்று ஆட்டம், இருந்தால் ஸ்டியரிங் பாக்ஸை மட்டும் இறுக்கி அனுப்புவது வழக்கமான வேலை. இந்த ஜீப்பில் நடுவே பெல்கிராங்க் என்றொரு திருப்பு லிவர் இருக்கிறது. அதன் தேய்மானமும், முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங் தளர்வும் சேர்ந்தால், சின்னக் குழியில் இறங்கியதும் முன்சக்கரங்கள் தலையாட்ட ஆரம்பிக்கும். கையிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு போகிற ஆட்டம் அது. ஒருவரை ஸ்டியரிங்கை இடம் வலமாக அசைக்கச் சொல்லி, நீங்கள் அடியில் படுத்து எந்த இணைப்பு தாமதமாக அசைகிறது என்று பாருங்கள்.

மின்சாரம் 6 வோல்ட். அதே வேலைக்கு 12 வோல்ட்டைவிட இருமடங்கு கரன்ட் ஓட வேண்டும், ஆகவே கேபிள் தடிமனாக இருக்க வேண்டும். மெல்லிய கேபிளைப் போட்டுவிட்டு செல்ஃப் மோட்டாரைத் திட்டிப் பயனில்லை. கொரியப் போர்க் காலத்து எம்38 வாங்கினால் அது 24 வோல்ட், பாகங்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இனி ஓட்டுவது. மணிக்கு 65 மைல் என்று டேஷ்போர்டுத் தகட்டில் இருப்பது உச்ச எல்லை, ஓட்டச் சொன்ன வேகமல்ல. 9 அங்குல டிரம்மும் ராணுவ டயர்ப் பட்டைகளும் நனைந்த தாரில் எதையும் உறுதி சொல்லாது. நான் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. சக்கர இடைவெளி அகலவாக்கில் 49 அங்குலம், நீளவாக்கில் 80 அங்குலம்: வளைவில் அவசரப்பட்டால் கவிழும். பிற்கால ராணுவ ஜீப்பான எம்151 இன்னும் மோசம். அதன் தொடக்க மாதிரிகளில் திருப்பத்தில் பின்சக்கரம் உள்ளே மடங்கும். பணியிலிருந்து கழித்த பல வண்டிகளை அமெரிக்க ராணுவம் வெட்டியே விற்றது. சீட் பெல்ட் போடுவதாக இருந்தால் பாடித் தகட்டில் வெறும் வாஷர் வைத்து மாட்டாதீர்கள், இழுத்தால் தகடே கிழிந்து வரும். உலர்ந்த தாரில் நான்கு சக்கர இயக்கமும் வேண்டாம்: நடுவில் டிஃபரென்ஷியல் இல்லாததால் திருப்பங்களில் கியர்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

அந்தப் பச்சை ஜீப்புக்கு நான்கு வீல் சிலிண்டர், குழாய்கள், டிரான்ஸ்ஃபர் கேஸ் சீல் எல்லாம் புதிதாகப் போட்டோம். சாலையில் ஓட்டுபவர் என்பதால், இருபாதை மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்தினேன். பழையதைத் துடைத்து, எண்ணெய் பூசி, பெட்டியில் வைத்துக் கையில் கொடுத்தேன். மூலவடிவம் கெட்டுவிட்டதே என்று அவருக்கு வருத்தம். பட்டறை முற்றத்தில் மூன்று தடவை ஓட்டி நிறுத்திப் பார்த்தார். நான்காவது தடவை பெடலை மிதித்து, காலை எடுக்காமல், வாட்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.