கர்ப்பகாலப் பத்தியமும் கைக்குழந்தையின் மாலை அழுகையும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்தும் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளிலிருந்தும் பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணிகளில், மூத்த குழந்தை மூன்று மாதம் வரை பொழுது சாய்ந்தால் வீறிட்டு அழுததை அனுபவித்தவர்கள், தாதியாகிய என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இந்தப் பிள்ளைக்கும் அப்படி வராம இருக்க நான் இப்பவே என்னென்ன சாப்பிடக்கூடாது, மிஸ்ஸி?" தாய் உண்டதுதான் பிள்ளையின் அழுகைக்குக் காரணம் என்ற தீர்ப்பு அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் வழங்கிய அந்தத் தீர்ப்பை மருத்துவ அறிவு ஆதரிக்கவில்லை.

நன்றாகப் பால் குடித்து, எடையும் கூடி, காய்ச்சலோ வேறு நோயோ இல்லாத குழந்தை காரணம் புலப்படாமல் நெடுநேரம் அழுவதையே கோலிக் என்கிறோம். ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாட்களுக்கு மேல் என்ற புகழ்பெற்ற கணக்கை 1954இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் மோரிஸ் வெசல் வகுத்தார். குடல் செயல்பாட்டுக் கோளாறுகளுக்காக மருத்துவ வல்லுநர்கள் வகுத்து 2016இல் வெளியான ரோம் நான்காம் வரையறை, மருத்துவர்களின் அன்றாடப் பயன்பாட்டுக்கு அந்த மணிக்கணக்கைக் கைவிட்டது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தைக்கு வரும் இவ்வழுகை, பிறந்த இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தொடங்கி, ஆறாவது வாரத்தில் உச்சத்தை அடைந்து, மூன்று நான்கு மாதங்களில் தானாகவே அடங்குகிறது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கும் புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கும் இது ஒன்றுபோலவே வருகிறது.

இனி, வாயுப் பண்டங்களைப் பற்றிய அச்சத்துக்கு வருவோம். கர்ப்பிணி பருப்பும் உருளைக்கிழங்கும் பலாப்பழமும் உண்டால் அவற்றின் காற்று பிள்ளையின் வயிற்றில் சேரும் என்று நம்புகிறார்கள். உணவிலிருந்து உண்டாகும் வாயு தாயின் பெருங்குடலில் நுண்ணுயிரிகளால் உருவாகிறது. நஞ்சுக்கொடி வழியாகக் கருவின் குடலுக்குள் அது போய்ச் சேர வழியே இல்லை. பிறக்கும் கணம் வரை குழந்தையின் குடலில் காற்று என்பதே கிடையாது. முதல் மூச்சோடும் முதல் அழுகையோடும் விழுங்கப்படும் காற்றுதான் வயிற்றுக்குள் முதன்முதலாக நுழைந்து, ஏறக்குறைய ஒரு நாளில் குடல் முழுவதும் பரவுகிறது. நெடுநேரம் அழும் குழந்தையின் வயிறு உப்பியிருப்பதற்கும், அழும்போது அது விழுங்கிய காற்றே பெரும்பாலும் காரணமாகிறது.

இந்தப் பத்தியத்தால் பயன் இல்லை என்பதோடு விஷயம் முடிந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். பருப்பு, கொண்டைக்கடலை, தெம்பே எனும் புளித்த சோயாக் கட்டி, முட்டை என்று குறைந்த விலையில் கிடைக்கும் புரதங்களைத்தான் பெண்கள் முதலில் ஒதுக்குகிறார்கள். சூடு என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரையையும் சிலர் அலமாரியிலேயே விட்டுவிடுகிறார்கள். பிறகு இளஞ்சிவப்புப் பரிசோதனைப் புத்தகத்தில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே, அதாவது இரத்தசோகை என்று பதிவாகிறது. கடுமையான இரத்தசோகை குறைந்த எடையில் குழந்தை பிறக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது; 2,500 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகளிடம் கோலிக் அதிகமாகக் காணப்பட்டதாக டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வு கூறுகிறது. அழுகையைத் தடுக்க என்று தொடங்கிய விரதம் நேர்மாறான திசையில் இழுத்துச் செல்லக்கூடும்.

கர்ப்பகாலத்தில் மாற்றக்கூடியவற்றுள் கோலிக்கோடு ஓரளவு தெளிவான தொடர்புள்ளது புகையிலை. நாளொன்றுக்குப் பதினைந்து சிகரெட்டோ அதற்கு மேலோ புகைத்த தாய்மாரின் குழந்தைகளுக்குக் கோலிக் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்ததை டென்மார்க் ஆய்வாளர்கள் 2001இல் காட்டினார்கள். புகைக்குப் பதிலாக நிக்கோட்டின் பசைப்பட்டியோ மெல்லும் மிட்டாயோ பயன்படுத்தியவர்களிடமும் இதே தொடர்பைப் பின்னர் வந்த ஆய்வு கண்டது. எங்கள் பகுதியில் புகைக்கும் பெண்கள் குறைவு. கணவரும் மாமனாரும் முன்வாசலில் ஊதுகிறார்கள், இளைஞர்கள் வேப் எனும் மின்சிகரெட் பிடிக்கிறார்கள். பிறர் விடும் புகை பிறப்பு எடையைக் குறைக்கும் என்பதிலும், திடீர் சிசு மரண ஆபத்தைக் கூட்டும் என்பதிலும் ஐயமில்லை. வீட்டில் பத்தியம் இருக்க வேண்டியவர் யாராவது உண்டென்றால் அது அந்த ஆண்கள்தாம் என்று நான் வெளிப்படையாகவே சொல்வதுண்டு. புகைப்பழக்கத்தை விட உதவும் சேவை அரசாங்கக் கிளினிக்குகளிலேயே கிடைக்கிறது.

எவராலும் தேர்ந்தெடுக்க முடியாத காரணங்களும் உள்ளன. ஒற்றைத் தலைவலி உள்ள தாய்மாரின் குழந்தைகளில் சுமார் 29 விழுக்காட்டினருக்குக் கோலிக் இருந்தது என்றும், மற்றவர்களின் குழந்தைகளில் அது 11 விழுக்காடுதான் என்றும் 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு தெரிவித்தது. கர்ப்பகாலத்தில் தாய்க்கு இருந்த மனக்கலக்கம் மட்டுமின்றித் தந்தைக்கு இருந்த மனச்சோர்வும் பிற்பாடு குழந்தையின் மிகையான அழுகையோடு தொடர்புள்ளதாக நெதர்லாந்தில் கண்டறிந்திருக்கிறார்கள். தூக்கமின்மையையும் காரணமற்ற அழுகையையும் "மாசமா இருந்தா அப்படித்தான்" என்று ஒதுக்காமல் பரிசோதனையின்போது சொல்லிவிடுவது நல்லது.

பிரசவத்துக்கு முன்பே வீட்டு அலமாரியைச் சரிபார்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு வயதுக்குள் தேன் தொட்டு வைக்கக்கூடாது. அதிலுள்ள நுண்ணுயிர் விதைகள் குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சை உண்டாக்கலாம். சுட்ட வசம்பை நாக்கில் தடவுவதும் வேண்டாம். அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற பொருளுக்காக அமெரிக்கா 1968லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடைவிதித்தது. கற்பூரம் கலந்த தைலமும் துணிகளுக்கிடையே போடும் நாப்தலின் உருண்டையும் எந்தக் குழந்தைக்கும் ஏற்றவையல்ல. பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் செய்யும் ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) பரிசோதனையில் குறைபாடு தெரியவந்த குழந்தைக்கு நாப்தலின் இரத்த அணுக்களையே சிதைத்துவிடும்.

உண்மையில், கர்ப்பகாலத்தில் எடுக்கக்கூடிய மிகப் பயனுள்ள முடிவு, ஆறாவது வாரத்தில் குழந்தையை யார் யார் ஏந்துவது என்பதுதான். 2023 முதல் தனியார் துறையில் தாய்க்கு 98 நாள் பேறுகால விடுப்பும், தகுதியுள்ள தந்தைக்கு ஏழு நாள் விடுப்பும் உண்டு. அழுகை தொடங்கும் முன்பே தந்தையின் விடுப்பு தீர்ந்துவிடுகிறது. உச்சத்தை எட்டும்போது உதவிக்கு வந்த அம்மாவும் பெரும்பாலும் ஊர் திரும்பியிருப்பார். ஆகவே வளைகாப்புக்குக் கூடும் அத்தைகளும் சித்திகளும் நாத்தனார்களும் எதை உண்ணக்கூடாது என்று பட்டியலிடுவதை விட்டு, எந்த மாலை யாருடையது என்று அங்கேயே பேசி வைத்துக்கொள்ளலாம். பொறுமை கடந்துவிட்டது என்று தோன்றினால் குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, சில நிமிடங்கள் அடுத்த அறைக்குப் போய்விடலாம். எந்த நிலையிலும் குலுக்கக்கூடாது. குலுக்கலில் மூளைக்குள் இரத்தம் கசிந்து குழந்தை இறந்துபோகவும் நேரிடலாம்.

38 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், பால் குடிக்க மறுப்பது, எடை கூடாமை, இடுப்பின் கீழ் வீக்கம், குரல் நலிந்த அழுகை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அதைக் கோலிக் என்று கருதிக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டுவர வேண்டும். திடீரென்று தொடங்கி அடங்காத அழுகையாக இருந்தால், காலுறையையும் கையுறையையும் கழற்றி விரல்களைப் பாருங்கள். தாயின் உதிர்ந்த தலைமுடி ஒன்று விரலில் இறுகச் சுற்றியிருக்கலாம்.