நுரையீரல் மறுவாழ்வு வேண்டாம், மூச்சுப் பயிற்சியும் வேண்டாம்

நவம்பர் மாதம் மூன்றாம் புதன்கிழமை உலக சிஓபிடி நாள். மூச்சுக்குழாய் சுருங்கி, மூச்சுவிடுவதே பாடாகும் நாள்பட்ட நுரையீரல் நோய்தான் சிஓபிடி. அதையொட்டி வரும் துண்டறிக்கைகளிலும் மருத்துவமனைப் பலகைகளிலும் 'நுரையீரல் மறுவாழ்வு மையம்' என்ற சொல் தவறாமல் தலைகாட்டுகிறது. மூச்சுநோயாளிகளை நடக்கவும் வேலை செய்யவும் பழக்கும் சிகிச்சையான பல்மனரி ரிஹேபிலிடேஷன் என்பதற்கு இதுதான் தமிழ் என்று பலரும் முடிவு கட்டிவிட்டார்கள். இது பொருந்தாத பெயர். நோயாளியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும் பெயரும் கூட.

முதலில் மூலச்சொல். 'புல்மோ' லத்தீனில் நுரையீரல். 'ஹபிலிஸ்' என்றால் தகுதியுள்ள, இயலக்கூடிய. இழந்த தகுதியைத் திரும்பத் தருவது 'ரிஹேபிலிடேஷன்'. பதவியோ உரிமையோ பறிபோனவருக்கு அதை மீட்டுக் கொடுப்பதற்குத்தான் பழைய ஐரோப்பியச் சட்டமொழியில் இது வழங்கியது. மருத்துவத்தில் வேரூன்றியது முதல் உலகப்போருக்குப் பிறகு, காயம்பட்ட வீரர்களை மறுபடி நடக்கவும் வேலை செய்யவும் பழக்கியபோது. ஆக, சொல்லின் மையம் இயலுமை. வாழ்வு அல்ல.

மறுவாழ்வு என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் ஏற்கெனவே வேறு வேலைகள் இருக்கின்றன. போதை மறுவாழ்வு மையம், தொழுநோயாளர் மறுவாழ்வு இல்லம், பிச்சைக்காரர் மறுவாழ்வு இல்லம். 2021 ஆகஸ்டில் இலங்கை அகதிகள் முகாம்களே 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறின. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகள் தானமாகும்போதெல்லாம் 'ஐந்து பேருக்கு மறுவாழ்வு' என்றுதான் நாளிதழ்கள் தலைப்பிடுகின்றன. இந்தப் பின்னணியில் 'நுரையீரல் மறுவாழ்வு' என்று படிப்பவருக்கு என்ன தோன்றும்? ஒன்று, நுரையீரல் மாற்று அறுவைச் சிகிச்சை. அல்லது, பீடி குடித்துக் கெட்டவர்களைக் கொண்டுபோய்த் தங்கவைக்கும் இடம். முப்பது வருடம் விறகடுப்புப் புகையில் சமைத்து மூச்சு கெட்ட ஒரு பெண்ணிடம் "உங்களுக்கு மறுவாழ்வு மையத்துக்கு எழுதித் தரேம்மா" என்று சொன்னால் அவர் போகமாட்டார், வீட்டாரும் அனுப்பமாட்டார்கள்.

பொருளிலும் இது பொய். இந்தப் பயிற்சியால் நுரையீரலுக்கு எந்த மறுவாழ்வும் கிடைப்பதில்லை. பயிற்சிக்கு முன் ஊதிப் பார்த்த ஸ்பைரோமெட்ரி (நுரையீரல் திறன் சோதனை) அளவும் முடித்தபின் பார்க்கும் அளவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பெயரை நம்பி வந்தவர் அந்தத் தாளைப் பார்த்து "ஒண்ணும் முன்னேற்றம் இல்லையே" என்று பாதியில் நின்றுவிடுவார்.

இலங்கை வழக்கான 'புனர்வாழ்வு' இதைவிட மேலானதல்ல. புனர் வடசொல் என்பது ஒரு குறை. அங்கே அச்சொல்மீது படிந்திருக்கும் முன்னாள் போராளிகளின் தடுப்பு முகாம் நினைவு அதைவிடப் பெரிய குறை.

ஆனால் இவை இரண்டையும்விடக் கேடு செய்வது 'மூச்சுப் பயிற்சி'. தூய தமிழ், எளிய தமிழ், யாருக்கும் புரியும். சிக்கலே அந்த எளிமைதான். மருத்துவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். "மூச்சுப் பயிற்சி பண்ணுங்க" என்றதும் நோயாளி மருந்துக் கடையில் மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் கருவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். அதில் 600, 900, 1200 என்று எழுதியிருக்கும். ஒரு நொடிக்கு எத்தனை மில்லிலிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறோம் என்ற கணக்கு அது. இழுக்கவேண்டிய கருவியை ஊதுகிறவர்களே அதிகம். ஊதினால் பந்து எழும்பாது. சரியாக இழுத்தாலும், அறுவைச் சிகிச்சைக்குப் பின் நெஞ்சை விரியவைக்க வந்த கருவி அது. சிஓபிடிக்காரரை அது மாடிப்படி ஏறவைக்காது. இன்னொரு பக்கம் பிராணாயாமம் செய்தாயிற்று, இனி எதுவும் வேண்டாம் என்று இருந்துவிடுபவர்கள். உதட்டைக் குவித்து மெல்ல மூச்சுவிடுவது உதவும்தான். ஆனால் அது இந்தச் சிகிச்சையின் ஒரு சிறு பகுதி.

முழுச் சிகிச்சை எப்படி இருக்கும்? முதலில் ஒரு சோதனை: 30 மீட்டர் நீளத் தாழ்வாரம், இரு முனையிலும் கூம்பு, ஆறு நிமிட நடை. நோயாளி நடுவே நின்று இளைப்பாறலாம், கடிகாரம் நிற்காது. 300 மீட்டர் நடந்தார் என்றால் நிமிடத்துக்கு 50 மீட்டர். அதில் 80 விழுக்காடு, அதாவது நிமிடத்துக்கு 40 மீட்டர் வேகத்தில் பயிற்சி தொடங்கும். பத்து நிமிடத்துக்கு 400 மீட்டர், அதே தாழ்வாரத்தில் பதின்மூன்று நடைக்குச் சற்றுக் கூடுதல். மூச்சுத்திணறல் எவ்வளவு என்று நோயாளியே மதிப்பிட்டுச் சொல்வது பத்துக்கு நான்கிலிருந்து ஆறு வரை இருக்கவேண்டும். இரண்டாக இருந்தால் பயிற்சி போதவில்லை என்று பொருள். விரல்நுனிக் கருவியில் ஆக்சிஜன் 88 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் நிறுத்தி, தேவையானால் ஆக்சிஜன் கொடுத்து நடத்துவார்கள். பிறகு கை, கால் தசைகளுக்கு எடைப் பயிற்சி: 8 முதல் 12 தடவை, இரண்டு மூன்று சுற்று. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதும் இதில் சேரும். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், எட்டு வாரமாவது. கூடவே இன்ஹேலரைச் சரியாக இழுக்கக் கற்றுத்தருவது, சத்துணவு, புகையை விடுவது, பயத்தைப் போக்குவது.

பயன் வருவது காலிலிருந்து. மூச்சு வாங்குமே என்று நடையைக் குறைத்தவரின் தொடைத்தசை மெலிகிறது. மெலிந்த தசை சிறு வேலைக்கே அமிலத்தைச் சேர்த்துக்கொள்கிறது, அதைச் சரிக்கட்ட இன்னும் வேகமாக மூச்சுவிட வேண்டியிருக்கிறது. தசை தேறினால் அதே நடைக்குக் குறைந்த மூச்சு போதும். ஆறு நிமிட நடையில் 30 மீட்டர் கூடினாலே நோயாளி வித்தியாசத்தை உணர்வார்.

இதற்குச் சான்று குறைவு என்று யாரும் சொல்லமுடியாது. பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் மட்டும் 65 ஆய்வுகள், 3,822 நோயாளிகள். அமெரிக்க மார்புநோய்ச் சங்கத்தின் 2023 வழிகாட்டுதல், சிஓபிடி திடீரென மோசமாகி மருத்துவமனையில் சேர்ந்து திரும்பியவர்களுக்கும் இதை வலுவாகப் பரிந்துரைக்கிறது. ஆனால் 2012-இல் அப்படி வீடு திரும்பிய, அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடான மெடிகேரின் பயனாளிகளில் ஆறு மாதத்துக்குள் இந்தப் பயிற்சிக்கு வந்தவர்கள் 1.9 விழுக்காடு. காப்பீடு பணம் கட்டும் நாட்டிலேயே அவ்வளவுதான். மருத்துவருக்குத் தெரியாமை, மையம் தொலைவில் இருப்பது, வாரத்துக்கு மூன்று நாள் கூட்டிப்போக ஆள் இல்லாமை எல்லாம் அங்கும் இருக்கின்றன. இங்கே அவற்றோடு குழப்பமான பெயரும் சேர்ந்துகொள்கிறது. காசநோய் மருந்தை ஆறு மாதம் சாப்பிட்டு முடித்து, வடுப்பட்ட நுரையீரலோடு மூச்சு வாங்கிக்கொண்டே இருப்பவரிடம் "டிபி போயிருச்சு, ரெஸ்ட் எடுங்க" என்பதோடு பேச்சு முடிகிறது. ஓய்வுதான் அவரை இன்னும் முடக்கும்.

என் பரிந்துரை 'மீள்வலுப் பயிற்சி'. "காலுல வலு இல்ல டாக்டர்" என்று நோயாளியே சொல்லும் சொல் வலு. மீளப் பெறுவது இயலுமை என்ற மூலக்கருத்தும் அதில் நிற்கிறது. 'மீள்திறன்' என்று சிலர் முன்வைக்கிறார்கள். அது ரெசிலியன்ஸ், அதாவது அடிபட்டாலும் மீண்டெழும் தன்மை, என்பதற்கு வழங்கத் தொடங்கிவிட்டது, மறுபடி ஒரே சொல் இரண்டு வேலைக்கு வேண்டாம். 'மீட்பு' என்றால் தீயணைப்புத் துறை நினைவுக்கு வரும். பயிற்சி என்றால் உடற்பயிற்சி மட்டும்தானே, கல்விப் பகுதி விட்டுப்போகிறதே என்பார்கள். பயில்வதெல்லாம் பயிற்சிதான், இன்ஹேலர் இழுப்பது உட்பட. முழுப்பெயர் 'மூச்சுநோயர் மீள்வலுப் பயிற்சி' என்று இருக்கட்டும். வலுப்பெறுவது நோயர், அவருடைய நுரையீரல் அல்ல. 'இதய மறுவாழ்வு' என்று பயமுறுத்தும் பலகையையும் 'இதயநோயர் மீள்வலுப் பயிற்சி' என்று மாற்றிவிடலாம். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் அகராதியில் நேராக நிற்கும் தமிழ்ச்சொல்லை எடுத்து ஒட்டுகிறவர்கள், அந்தச் சொல்லைக் கேட்கப்போகிறவர் யார் என்று ஒருமுறை யோசித்தால் இந்தப் பலகைகள் இப்படி இருக்காது.

மருத்துவர்கள் சீட்டில் 'மூச்சுப் பயிற்சி' என்று ஒற்றை வரி எழுதுவதையும் விடவேண்டும். சமதரையில் தன் வயதுக்காரரோடு நடக்கமுடியாமல் பின்தங்குகிறார் என்றாலே அனுப்பலாம். நோயின் பெயர், ஸ்பைரோமெட்ரி அளவு, உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிஜன் அளவு, இதயநோய் உண்டா, கடைசியாக மருத்துவமனையில் சேர்ந்த தேதி, இழுக்கும் இன்ஹேலர்கள் ஆகியவை சீட்டில் வேண்டும். அடங்காத நெஞ்சுவலியோ சமீபத்திய மாரடைப்போ இருந்தால் முதலில் இதய மருத்துவர். மையம் தொலைவில் என்றால் பக்கத்து இயன்முறை மருத்துவருக்கு 'நடைப் பயிற்சி, கால் தசைக்கு எடைப் பயிற்சி, 8 வாரம்' என்று விளக்கி எழுதிக் கொடுக்கலாம். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவரிடமும் அதே சீட்டைக் காட்டலாம்.