"காற்று ஏமாற்றிவிட்டது" என்று சொல்வதற்கு முன்

பாய்மரப் படகுப் போட்டியாளர்கள் என்னைத் தேடி வருவது பெரும்பாலும் தோல்வி நடந்து சில வாரங்கள் கழித்துத்தான். அதற்குள் அந்தத் தோல்விக்கு ஒரு விளக்கம் கெட்டிப்பட்டிருக்கும். சிலர் "காற்று ஏமாற்றிவிட்டது" என்பார்கள். சிலர் "எனக்கு இந்த விளையாட்டு வராது" என்பார்கள். விளையாட்டு உளவியலாளராக இரண்டையும் ஒரே அளவு சந்தேகத்தோடுதான் கேட்கிறேன். இரண்டாவதைச் சொல்பவருக்கு உதவி தேவை என்று சுற்றியிருப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். முதலாவதைச் சொல்பவர் முடிவைப் பக்குவமாக ஏற்றுக்கொண்டவர்போலத் தெரிவார். என் அனுபவத்தில் நீண்ட காலம் தேங்கி நிற்பவர் அவர்தான்.

காற்று ஏமாற்றுவதில்லை என்று நான் சொல்லவரவில்லை. கணக்குப் போட்டே பார்க்கலாம். காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து ஏறும் கட்டத்தில் இரண்டு படகுகள் பக்கவாட்டில் 100 மீட்டர் விலகியிருக்கின்றன. இருவருக்கும் அதுவரை சமநிலை. காற்றின் திசை 10 பாகை மாறுகிறது. எந்தப் பக்கம் மாறியதோ அந்தப் பக்கத்துப் படகு ஏறத்தாழ 25 மீட்டர் முன்னிலை பெற்றுவிடும். இருவரில் ஒருவரும் புதிதாக எதுவும் செய்யவில்லை. ஐம்பது படகுகள் நெருக்கியடித்துக்கொண்டு பந்தயப் பாதையைக் குறிக்கும் மிதவையைச் சுற்றும் இடத்தில் 25 மீட்டர் என்பது பல இடங்களை இழப்பதற்குப் போதும்.

ஆனால் அந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தது யார்? காற்று இடமும் வலமும் மாறி மாறி அசைந்துகொண்டிருந்ததைத் தொடக்கத்துக்கு முன்பே கவனித்தீர்களா? எல்லாரையும் விட்டுவிட்டு ஒரே ஓரத்துக்குப் போனதற்குக் காரணம் இருந்ததா, அல்லது பின்தங்கிய பதற்றத்தில் ஆடிய சூதாட்டமா? இங்கேதான் உரையாடல் சூடுபிடிக்கும். "ஏன் தோற்றீர்கள்" என்று நான் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு வழக்கறிஞர்போல வாதாடத்தான் தோன்றும். "அந்த முடிவை எடுத்த நொடியில் உங்களுக்கு என்னென்ன தெரிந்திருந்தது" என்று கேட்கிறேன். கரைக்கு வந்ததும், புள்ளிப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பாகவே இதற்கான பதிலை எழுதிவிடச் சொல்கிறேன். பட்டியலைப் பார்த்த பிறகு நினைவு நேர்மையாக இருப்பதில்லை.

இதே பயிற்சியை நன்றாக முடிந்த பந்தயத்துக்கும் செய்யவேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். மூன்றாம் இடம் வந்தால் திறமை, முப்பதாம் இடம் வந்தால் காற்று என்று எழுதியிருந்தால் அந்தக் குறிப்பேட்டால் பயனில்லை. அதிர்ஷ்டத்தால் கிடைத்த வெற்றியை அப்படியே எழுதத் துணிந்தவருக்குத்தான், நல்ல முடிவெடுத்தும் தோற்ற நாளை மனக்கசப்பில்லாமல் எழுத வருகிறது.

இந்த விளையாட்டின் புள்ளி முறையும் மனத்தோடு விளையாடுகிறது. முதலிடத்துக்கு ஒரு புள்ளி, இரண்டாம் இடத்துக்கு இரண்டு. ஒரு தொடரின் பந்தயங்கள் எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தம் குறைவாக வைத்திருப்பவரே வெற்றியாளர். குறிப்பிட்ட எண்ணிக்கையில் பந்தயங்கள் முடிந்தால் மிக மோசமான ஒன்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். இது கருணையான விதிதான். ஆனால் முதல் நாளே ஒருவர் நேரத்துக்கு முன்பாகத் தொடக்கக் கோட்டைத் தாண்டித் தகுதி இழக்கிறார் என்று வையுங்கள். ஐம்பது படகுகள் பதிவாகியிருந்தால் அவருக்கு 51 புள்ளிகள். நீக்கும் வாய்ப்பு அங்கேயே செலவாகிவிட்டது. மறுநாள் தொடக்கக் கோட்டில் அவர் அரைப் படகு தூரம் பின்னால் நிற்கிறார். முன்னால் போகும் பாய்கள் கலைத்துவிட்ட காற்றுதான் அவருக்குக் கிடைக்கிறது. இருபத்தெட்டாவதாக வருகிறார். அன்றைய காற்றின்மேல் பழி சொல்ல எதுவுமில்லை. நேற்றைய 51 இன்றைய படகிலும் ஏறிக்கொண்டுவிட்டது. தொடர் முழுவதையும் கெடுப்பது அநேகமாக இந்த இரண்டாவது பந்தயம்தான்.

இரண்டு பந்தயங்களுக்கு நடுவே கிடைக்கும் நேரம் குறைவு. அதற்குள் யாருக்கும் ஞானோதயம் வரப்போவதில்லை. தண்ணீர் குடிப்பது, எதையாவது சாப்பிடுவது, நிழல் இருந்தால் தலையைக் குளிர்விப்பது என்ற மூன்றும் எந்த அறிவுரையையும்விட மேலானவை. நீர் வற்றிய உடலில் ஏமாற்றம் இரட்டிப்பாகத் தெரியும். கோபத்தை அடக்கவும் சொல்லமாட்டேன், ஓர் எல்லை வைக்கச் சொல்வேன். தண்ணீர் பாட்டில் காலியாகும்வரை திட்டலாம். மூடியைப் போட்டதும் காற்றைப் பார்க்கவேண்டும். பயிற்சியாளர்கள் அந்த இடைவேளையில் பகுப்பாய்வு செய்யாமல் இருந்தாலே பெரிய உதவி.

முடிவை ஏற்றுக்கொள்ளப் பழகுவதற்கான வசதி விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது என்பது பலருக்கு உறைப்பதில்லை. வழியுரிமை விதியை மீறியவர் தானாகவே விலகிப்போய்ப் படகை இரண்டு முறை முழு வட்டமாகத் திருப்பித் தண்டனையை நிறைவேற்றலாம்; மிதவையைத் தொட்டிருந்தால் ஒரு சுற்று. சில வகைப் படகுகளுக்கு இதில் சலுகை உண்டு. யார்மேல் தவறு என்று கத்திக்கொண்டே போகிறவர் கவனத்தையும் இழந்து, மாலையில் விசாரணையில் தகுதியையும் இழக்கக்கூடும். 2016 ரியோ ஒலிம்பிக்கில், ஆணும் பெண்ணும் இணைந்து ஓட்டும் நாக்ரா 17 படகுப் பிரிவின் பதக்கப் பந்தயத்தில், அதாவது கடைசிப் பந்தயத்தில், அர்ஜென்டினாவின் சான்டியாகோ லாங்கேயும் செசிலியா கர்ரான்சாவும் இரண்டு முறை தண்டிக்கப்பட்டார்கள். இரண்டு முறையும் சுற்றிவிட்டுத் தொடர்ந்தார்கள். ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தங்கம் அவர்களுக்கு. சுற்றுவதற்கு முன் வாக்குவாதத்தில் இறங்கியிருந்தால் அந்த ஒரு புள்ளி மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம்.

பிரிட்டன் பாய்மரப் படகு வீரர் பென் எய்ன்ஸ்லி கதையைப் பெற்றோர் என்னிடமே சொல்லிக்காட்டுவார்கள். 1996 அட்லாண்டாவில் 19 வயதில் பிரேசிலின் ராபர்ட் ஷெய்ட்டிடம் தங்கத்தை விட்டு வெள்ளி. பிறகு 2000 முதல் 2012 வரை நான்கு ஒலிம்பிக்கிலும் தங்கம். உண்மைதான். ஆனால் தோற்றுவிட்டு வந்த பிள்ளையிடம் இதைச் சொல்வதை நான் விரும்புவதில்லை. "இந்தத் தோல்விக்கு ஈடாக வெற்றி வந்தே தீரவேண்டும்" என்ற புதிய கடனை அது தலையில் ஏற்றுகிறது. ஐம்பது படகுகளில் நாற்பத்தொன்பது ஜெயிப்பதில்லை. அவர்களில் பெரும்பாலோருக்குப் பிற்காலத் தங்கமும் இல்லை. அப்படியும் மறுநாள் காலையில் பாயை விரிக்க ஒரு காரணம் வேண்டுமல்லவா? அந்தக் காரணத்தைத் தேடித் தருவதுதான் என் வேலையில் பாதி.

கரையில் நிற்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எத்தனையாவது?" என்றிருக்கவேண்டாம். படகைத் தூக்கி வைக்கக் கை கொடுங்கள். பேச்சை அவர்களே தொடங்கட்டும்.

ஒன்றில் மட்டும் காத்திருக்கக் கூடாது. தனியாள் ஓட்டும் சிறு படகுகளில் உடல் எடைக்கு முக்கியப் பங்கு உண்டு; மென்காற்றில் கனமானவருக்குச் சிரமம், பலத்த காற்றில் மெலிந்தவருக்கு. அதனால் ஒரு மோசமான தொடருக்குப் பிறகு சில இளைஞர்கள் தண்டனைபோல உணவைக் குறைப்பார்கள், அல்லது வெறிகொண்டதுபோல உடற்பயிற்சி செய்வார்கள். இது ஒழுக்கம் என்று பாராட்டப்படுவதையும் கண்டிருக்கிறேன். எடை விரைவாகக் குறைவது, இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெடுவது, போட்டி நாளில் வாந்தியோ வயிற்றுவலியோ வருவது, நண்பர்களை ஒதுக்குவது ஆகியவை தெரிந்தால் பயிற்சியாளரோடு மட்டும் பேசி நிறுத்தாமல் மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். "நான் இல்லாவிட்டால் யாருக்கும் நட்டமில்லை" என்ற வகைப் பேச்சு ஒருமுறை காதில் விழுந்தாலும் அன்றே பாருங்கள். அடுத்த போட்டி எப்போது என்ற கணக்கு அதற்குப் பிறகு இருக்கட்டும்.