பெரட்டுக் களத்திலிருந்து இயங்குதளம் வரை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மடிக்கணினி பழுதுபார்க்கும் கடைகளுக்கு வருவோர் பெரும்பாலும் "கணினி கெட்டுவிட்டது" என்றே சொல்கிறார்கள். பல நேரங்களில் கையால் தொடக்கூடிய பாகங்களாகிய வன்பொருளில் குறையொன்றும் இராது. அதற்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருளுக்கும் நடுவே நின்று வேலை பிரிக்கும் இயங்குதளம்தான் குலைந்திருக்கும்.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க, வேலைக்குமுன் தொழிலாளர்கள் கூடும் பெரட்டுக் களம் போதும். விடியுமுன் ஆள் எண்ணி, இன்னாருக்கு இன்ன மர நிரை என்று மண்டோர் (மேற்பார்வையாளர்) பிரித்துக் கொடுப்பார். யாரும் தம் விருப்பத்துக்கு ஒரு மரத்தில் கத்தி வைத்துவிட முடியாது. அதுபோல, உலாவியோ கடிதம் எழுதும் மென்பொருளோ நினைவகத்தையும் வட்டையும் நேரே தொடுவதில்லை. இயங்குதளத்தின் உட்பகுதியான கருநிரலிடம் கேட்டே பெறுகின்றன. (கைப்பேசியில் நிறுவுவதையும் கணக்கிடும் சில்லையும் ‘செயலி’ என்ற ஒரே சொல்லால் குறிப்பது குழப்பம் தருவதால், பின்னதை இங்கே சிப் என்கிறேன்.)

சிப்பின் நேரத்தை எப்படிப் பங்கிடுகிறது என்பதை வைத்து இயங்குதளங்களை வகைப்படுத்தலாம். 1950களில், துளையட்டைகளில் (துளைகளாகத் தகவல் பதிந்த அட்டைகளில்) வந்த வேலைகளைச் சேர்த்துவைத்து ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கும் தொகுதிமுறை இருந்தது. மாதக் கடைசியில் கிராணியார் (தோட்ட எழுத்தர்) சம்பளக் கணக்கு முடிப்பதைப் போன்றது அது. 1961இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நேரப்பகிர்வு முறை செய்து காட்டப்பட்டது. இதில் சிப்பின் நேரம் சிறு துணுக்குகளாக வெட்டப்பட்டு, காத்திருக்கும் வேலைகளுக்கு மாறி மாறித் தரப்படுவதால், எல்லாமே ஒரே சமயத்தில் நடப்பதாக நமக்குத் தோன்றுகிறது. 1969இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய யூனிக்ஸும், இன்றைய விண்டோஸ், மேக்ஓஎஸ் முதலியனவும் இந்த வழியில் வந்தவையே. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கருநிரலின்மேல்தான் ஆண்ட்ராய்டு அமைந்திருக்கிறது. ஆகவே லினக்ஸ் என்ற பெயரையே கேட்டிராதவர் சட்டைப்பையிலும் அது இருக்கக்கூடும்.

நிகழ்நேர இயங்குதளத்தின் கதை வேறு. ரப்பர் மரத்தில் கட்டிய மங்கில் (கிண்ணத்தில்) வடிந்த பாலை உரிய நேரத்தில் எடுக்காவிட்டால் அது உறைந்து கட்டியாகிவிடும்; பிறகு எவ்வளவு விரைந்தாலும் பயனில்லை. மகிழுந்து மோதியதும் காற்றுப்பையை விரிக்கும் கட்டளையும் அப்படித்தான்: சரியான விடையே என்றாலும் தாமதமாக வந்தால் அது தவறான விடை. எனவே இவ்வகை இயங்குதளத்தில் சராசரி வேகத்தைவிட, குறித்த கெடுவுக்குள் முடியும் என்ற உறுதியே முக்கியம்.

இயங்குதளத்தை மீண்டும் நிறுவியபின் அச்சுப்பொறி வேலை செய்யவில்லை என்று சிலர் அதே கடைக்குத் திரும்பி வருவதுண்டு. வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்த தொழிலாளியின் மொழி மண்டோருக்குப் புரியாதபோது இடையில் ஒருவர் நின்று பெயர்த்துச் சொல்வதைப் போல, ஒவ்வொரு கருவிக்கும் இயங்குதளத்துக்கும் இடையே ‘இயக்கி’ என்னும் சிறு மென்பொருள் தேவைப்படுகிறது. கடைக்காரர் முதலில் தேடிப் பார்ப்பது அதைத்தான்.