மூக்கன் பறக்கும்வரை காத்திருங்கள்

குளிர்காலத்தில் கோடியக்கரைச் சேற்றில் நிற்கும் ஒரு மூக்கனை, அதாவது நீண்ட அலகுள்ள கரையோரப் பறவையைக் காட்டி, இது கருவால் மூக்கனா பட்டைவால் மூக்கனா என்று கேட்டால் பழகிய கண்ணும் கொஞ்சம் தயங்கும். இரண்டுமே அப்போது சாம்பல் கலந்த பழுப்பு நிறம். இரண்டுக்கும் நீண்ட அலகு, அடியில் இளஞ்சிவப்பு, நுனியில் கறுப்பு. பட்டைவாலின் அலகு லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும், முதுகில் கோடுகள் இருக்கும். தூரத்திலிருந்து இதெல்லாம் பிடிபடாது. பறக்கட்டும். இறக்கையில் பளிச்சென்ற வெள்ளைப் பட்டையும் கறுத்த வால்நுனியும் தெரிந்தால் கருவால். இறக்கையில் பட்டை இல்லாமல், வாலில் மெல்லிய வரிகள் மட்டும் இருந்தால் பட்டைவால்.

சரி, இவ்வளவு நீள அலகு எதற்கு? இரை ஆழத்தில் இருக்கிறது. ஆனால் சேற்றுக்குள் புதைந்த அலகைக் கத்தரிக்கோல் போல முழுதாகத் திறக்க முடியாது, நாலு பக்கமும் சேறு அழுத்தும். அதனால் மூக்கன் மேல் அலகின் நுனியை மட்டும் வளைத்துத் திறக்கிறது. அந்த நுனியில் தொடுவுணர்வு நரம்புகள் அடர்ந்திருக்கின்றன. கண்ணால் பார்க்காத புழுவை அங்கேயே தடவி அறிந்து, கவ்வி இழுத்துவிடுகிறது. இரண்டு இனத்திலும் பெண்ணின் அலகுதான் நீளம். ஆண் எட்டாத ஆழத்துப் புழு அவளுக்கு. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

கருவாலுக்கு ஏரி, சதுப்பு, நெல்வயல் என்று நன்னீர்ப் பக்கமும் பிடிக்கும். பட்டைவால் பெரும்பாலும் கடலோரச் சேற்றை விட்டு வராது.

எங்கும் இறங்காமல் ஒரே மூச்சில் வலசை போவதில் பட்டைவாலை மிஞ்ச ஆளில்லை. 2022 அக்டோபரில், பிறந்து ஐந்தே மாதமான ஒரு குஞ்சு அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கி.மீ. தூரத்தை 11 நாளில், எங்கும் இறங்காமல் கடந்தது. முதுகிலிருந்த கருவி செயற்கைக்கோளுக்குத் தடம் சொல்லிக்கொண்டே வந்தது. (நம் கரைக்கு வருபவை இந்தக் கூட்டமல்ல, சைபீரியப் பக்கத்தவை.) கடலில் மிதந்து இளைப்பாறும் பறவையும் அல்ல இது. கிளம்புமுன் உடலில் ஏறக்குறைய பாதியைக் கொழுப்பாக்கிக்கொள்கிறது. வழியில் சாப்பாடு கிடையாது என்பதால் இரைப்பையும் குடலும் ஈரலும் சுருங்கிவிடுகின்றன. வீண் சுமை எதற்கு?

அப்புறம் வசந்தத்தில் வடக்கே திரும்பும்போது சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலுள்ள மஞ்சள் கடல் ஓரத்துச் சேற்றில் இறங்கி, சுருங்கிய குடலை மறுபடி வளர்த்து, வயிறாரத் தின்று கொழுத்தாக வேண்டும். அங்கேதான் தென்கொரியாவின் சேமங்கும் என்ற முகத்துவாரத்தை 2006இல் 33 கி.மீ. நீளச் சுவர் அடைத்தது.