துளை போடுவதற்கு முன் கணக்கைத் திறவுங்கள்: வீட்டு வைஃபை கேமரா குறித்துச் சில எச்சரிக்கைகள்

வீட்டுக்குள் வைக்கும் வைஃபை கேமராவைப் பெட்டியிலிருந்து எடுத்ததுமே பலரும் சுவரில் துளை போட இடம் தேடுகிறார்கள். கேமரா பொருத்துவதையே தொழிலாகக் கொண்ட நான் துளையிடும் கருவியைக் கடைசியில்தான் வெளியே எடுப்பேன். முதலில் கேமராவை ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒரு மேசைமேல் வைத்து, மின்சாரம் கொடுத்து, வீட்டுக்காரரைச் செல்பேசியுடன் எதிரில் உட்காரச் சொல்வேன். "நீங்களே உங்கள் போனில் போட்டுவிட்டு எங்களுக்கு அனுப்பிவிடுங்களேன்" என்பார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் இறங்கிவருவதில்லை.

காரணம் இதுதான். இப்போது வரும் பெரும்பாலான வீட்டுக் கேமராக்கள் முதன்முதலில் எந்தக் கணக்கில் இணைக்கப்படுகின்றனவோ, அந்தக் கணக்குக்குச் சொந்தமாகிவிடுகின்றன. கேமராவுக்கு விலை கொடுத்தவர் யார் என்பது நிறுவனத்தின் சர்வருக்குத் தெரியாது. பொருத்த வந்தவர் அவசரத்தில் தன் செல்பேசியில் இணைத்துவிட்டு உங்களுக்குப் பகிர்ந்தால், அவர்தான் உரிமையாளர், நீங்கள் விருந்தாளி. அவராக நீக்கிக்கொள்ளும்வரை உங்கள் கூடத்தை அவர் எங்கிருந்தும் பார்க்கலாம். பெரும்பாலும் இதில் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. அடுத்த வீட்டுக்குப் போகும் அவசரம்தான். ஆனாலும் விளைவு ஒன்றே.

ஒரு வீட்டில் அசைவு அறிவிப்பு வரவில்லை என்று அழைத்திருந்தார்கள். செயலியைத் திறந்தேன். கேமராவின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் 'பகிரப்பட்டது' என்றிருந்தது. அமைப்புகள் பக்கத்தில் இரண்டு மூன்று வரிகள் மட்டுமே; அறிவிப்பு நேரம், கார்டை அழித்தல், ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பித்தல் எதுவும் இல்லை. பொருத்தியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், அவருடைய எண்ணும் இப்போது இல்லை. கேமராவின் அடியில் உள்ள சிறு துளையில் ஊசியை விட்டு ரீசெட் செய்தேன். இணைக்கத் தயார் என்று கேமராவும் குரல் கொடுத்தது. ஆனால் புதிய கணக்கில் சேர்க்கப் போனால், 'இந்தச் சாதனம் வேறொரு கணக்கில் உள்ளது' என்று செயலி மறுத்துவிட்டது. வாங்கிய ரசீதையும் கேமராவின் அடியில் உள்ள ஸ்டிக்கரின் படத்தையும் நிறுவனத்துக்கு அனுப்பி விடுவித்துத் தரும்படி அந்த வீட்டார் கேட்க வேண்டியதாயிற்று. ரீசெட் செய்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: பல நிறுவனங்களின் கேமராக்களில் ரீசெட் என்பது வைஃபை விவரத்தை மட்டுமே அழிக்கும், உரிமையை மாற்றாது.

எனவே கணக்கு உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கையால் திறக்கப்பட வேண்டும். வீட்டில் மற்றவர்களும் பார்க்க வேண்டுமென்றால் செயலியில் உள்ள பகிர்வு வசதியைப் பயன்படுத்துங்கள்; கடவுச்சொல்லைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். பகிர்ந்ததை ஒரு தொடுதலில் திரும்பப் பெறலாம், சொல்லிக்கொடுத்த கடவுச்சொல்லைத் திரும்பப் பெற முடியாது.

கடவுச்சொல் விஷயத்தில் கேமராக்களுக்கு நல்ல பெயர் இல்லை. 2016இல் பரவிய மிராய் என்ற தீம்பொருள், ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் இணையத்தில் தேடித் தேடிப் பிடித்தது. அதன் கையில் இருந்தது அறுபது சொச்சம் பயனர்பெயர், கடவுச்சொல் ஜோடிகள் மட்டுமே. அப்படிப் பிடித்த கருவிகளைக் கொண்டு அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டித் தரும் டைன் (Dyn) என்ற நிறுவனத்தின் சர்வர்களைத் தாக்க, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை. எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் என்ற வழக்கத்தைப் பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டம் போட்டே தடுத்துவிட்டது. செயலிவழி இணையும் இன்றைய கேமராக்களில் ஆபத்து கொஞ்சம் இடம் மாறியிருக்கிறது. வேறு ஏதோ தளத்தில் கசிந்த உங்கள் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கேமராச் செயலியில் போட்டுப் பார்க்கிறார்கள். அதனால் இந்தக் கணக்குக்கு வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல் வேண்டும்; இரட்டைச் சரிபார்ப்பை இயக்கிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்டுத் தொல்லை செய்யும் என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. புதிய செல்பேசியில் நுழையும்போதுதான் பெரும்பாலும் கேட்கும்.

இனி இணைப்பு. கேமரா இணையவில்லை என்று வரும் அழைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே காரணம்: வீட்டுக் கேமராக்களில் பல 2.4 ஜிகாஹெர்ட்ஸ் என்ற வைஃபை அலைவரிசையை மட்டுமே அறியும். செல்பேசியோ 5 ஜிகாஹெர்ட்ஸில் இருக்கும். ரவுட்டர் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் குழப்பம் இன்னும் கூடும். ரவுட்டர் அமைப்பில் இரண்டையும் தனிப் பெயர்களாகப் பிரித்துவிடுங்கள், அல்லது இணைக்கும் நேரத்துக்கு மட்டும் 5 ஜிகாஹெர்ட்ஸை அணைத்து வையுங்கள். ரவுட்டர் டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறையில் மட்டும் இயங்கினாலும் பல கேமராக்கள் முரண்டு பிடிக்கும். அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2வும் சேர்ந்த அமைப்புக்கு மாற்றினால் வழிக்கு வந்துவிடும். வைஃபை பெயரில் தமிழ் எழுத்தோ எமோஜியோ வைத்திருக்கும் வீடுகளிலும் இதே கதைதான். ஆசையாய் வைத்த பெயரை மாற்றச் சொல்வது எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கும்.

செல்பேசித் திரையில் வரும் கியூஆர் குறியீட்டைக் கேமராவிடம் காட்டும் முறையில், திரை வெளிச்சத்தை முழுமையாக வைத்து, ஒரு சாண் தூரத்திலிருந்து மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஒட்டிப் பிடித்தால் கேமராவால் படிக்க முடியாது. கேமராவே தற்காலிகமாக ஒரு வைஃபை எழுப்பும் வகையாக இருந்தால் மொபைல் டேட்டாவையும் விபிஎன்னையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் 'இதில் இணையம் இல்லை' என்று செல்பேசி பாதியில் கழன்றுகொள்ளும்.

இணைந்ததும் ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, நேரமும் நேர மண்டலமும் சரியா என்று பாருங்கள். திருட்டு நடந்த பின் பதிவை எடுத்துக் கொடுக்கும்போது அதில் நேரம் நான்கு மணி நேரம் பிசகியிருந்தால் அதை வைத்து யாரிடம் வாதாடுவது?

அடுத்து இடம். நினைத்த இடத்தில் இரட்டைப் பக்கப் பசை நாடாவால் கேமராவை ஒட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் விட்டுப் பாருங்கள். இரும்பு அலமாரி, குளிர்பெட்டி, கனத்த சுவர் ஆகியவை இடையில் இருந்தால் சிக்னல் தளரும்; மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் தடுமாறும். தரையிலிருந்து இரண்டு முதல் இரண்டரை மீட்டர் உயரத்தில், அறையின் மூலையில், கதவைப் பார்த்தபடி இருப்பது பொதுவாக நல்லது. அதற்கு மேலே ஏற்றினால் வருபவரின் உச்சந்தலைதான் பதிவாகும். ஜன்னலை நேரே பார்த்தபடி வைத்தால் பகலில் ஆள் கரிய நிழலாகத் தெரிவார். கண்ணாடிக்கு உள்ளே கேமராவை வைத்து வெளியே பார்க்கலாம் என்ற யோசனையும் இரவில் எடுபடாது. கேமரா உமிழும் அகச்சிவப்பு ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படம் முழுவதும் வெளுத்துவிடும்.

இரவு என்றதும் ஒரு கோளாறைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்கு அநியாயமாக இணையம் பழி சுமக்கிறது. பகல் முழுவதும் ஒழுங்காக இருக்கும் கேமரா, இருட்டியதும் சில நிமிடங்களுக்கு ஒரு முறை காணாமல் போய்த் திரும்பி வரும். உடனே ரவுட்டரை மாற்றுகிறார்கள், இணைய நிறுவனத்துடன் சண்டை போடுகிறார்கள். உண்மையில், இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்குவதால் கேமரா இழுக்கும் மின்னோட்டம் கூடுகிறது. அடாப்டர் 5 வோல்ட்தான் தருகிறது. கம்பி எட்டவில்லை என்று இடையில் மெல்லிய நீள யூஎஸ்பி கம்பி சேர்த்திருந்தால் அதிலேயே மின்னழுத்தம் குறைந்து, கேமரா அணைந்து மீண்டும் எழுகிறது. சோதிக்க இருட்டும்வரை காத்திருக்க வேண்டாம். செயலியில் இரவுக் காட்சியை 'எப்போதும்' என்று பட்டப்பகலில் மாற்றிப் பாருங்கள். அப்போதே அணைந்து எழுந்தால் கம்பியையும் அடாப்டரையும் மாற்றுங்கள், ரவுட்டரை விட்டுவிடுங்கள். (அந்தி நேரத்தில் கேமராவுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். லென்சுக்குப் பின்னால் இருக்கும் வடிகட்டி நகரும் சத்தம் அது, பயப்பட ஒன்றுமில்லை.)

மெமரி கார்டு எவ்வளவு நாள் தாங்கும் என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. கேமரா நொடிக்கு 1 மெகாபிட் அளவில் இடைவிடாமல் பதிவு செய்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 11 ஜிபி ஆகும். 32 ஜிபி கார்டு மூன்று நாளுக்குள் நிறைந்து, பழையதன்மேல் எழுதத் தொடங்கிவிடும். ஊரிலிருந்து பத்து நாள் கழித்துத் திரும்புகிறவருக்கு அது போதாது. ஓயாமல் எழுதி அழிப்பதால் சாதாரணக் கார்டுகள் சீக்கிரம் பழுதாகும். கண்காணிப்புக் கேமராவுக்கென்றே விற்கும் நீடித்து உழைக்கும் வகையை வாங்குங்கள். கேமராவையே கழற்றிக்கொண்டு போகும் திருடன் கார்டையும் சேர்த்துத்தான் கொண்டுபோகிறான். ஆகவே வாசலைப் பார்க்கும் ஒரு கேமராவுக்காவது கிளவுட் பதிவு (நிறுவனத்தின் சர்வரில் சேமிப்பது) இருப்பது நல்லது.

படுக்கையறையில் வைக்கச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன். ரிங் என்ற கேமரா நிறுவனத்தின் ஊழியர்களும் ஒப்பந்தப் பணியாளர்களும் வாடிக்கையாளர்களின் அந்தரங்கக் காணொளிகளைப் பார்க்க முடிந்தது என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023இல் குற்றம் சாட்டியது. நிறுவனம் 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 2024 பிப்ரவரியில் வைஸ் (Wyze) என்ற இன்னொரு கேமரா நிறுவனத்தின் கோளாறு ஒன்றில் சுமார் 13,000 பேருக்கு மற்றவர்களுடைய கேமராவின் படங்கள் போய்ச்சேர்ந்தன. உங்கள் கடவுச்சொல் எவ்வளவு வலுவாக இருந்தாலும் இவற்றைத் தடுத்திருக்காது. லென்ஸ் எதைப் பார்க்கிறது என்பது மட்டும்தான் முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. முதியவரைக் கவனிக்க வேண்டும் என்றால் அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தபின், கட்டிலைத் தவிர்த்து வாசற்பக்கம் திருப்பி வையுங்கள். வீட்டில் வேலை செய்பவர்களுக்கும் தங்க வரும் உறவினர்களுக்கும் கேமரா இருப்பதைச் சொல்லிவிடுங்கள். ஒலிப்பதிவு தேவையில்லையென்றால் அணைத்துவிடுங்கள்.

அடியில் உள்ள ஸ்டிக்கரில் கேமராவின் வரிசை எண்ணும் கியூஆர் குறியீடும் இருக்கும். சில கேமராக்களில் முதல் கடவுச்சொல்லும் அங்கேயே அச்சிடப்பட்டிருக்கும். புதுக் கேமரா வாங்கிய மகிழ்ச்சியில் அது தெரியும்படி படம் எடுத்துக் குழுக்களில் போடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பழைய கேமராவை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் கார்டை எடுத்துவிட்டு, செயலியிலிருந்து கேமராவை நீக்கி, அதன்பின் ரீசெட் செய்து கொடுங்கள். நீக்காமல் கொடுத்துவிட்டீர்கள் என்றால், வாங்கியவர் வீட்டில் அது இணையாமல் முரண்டு பிடிக்கும். அங்கே போய் உட்காரப்போவது என்னைப் போன்ற ஒருவர்தான்.