ஓட்டை எங்கே இருக்கிறது?

குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை என்றதும் பெற்றோர் கேட்பது, “எவ்வளவு பெரிசு டாக்டர்?” சில குழந்தைகளுக்கு அளவைவிட இடம்தான் முக்கியம்.

மகாதமனி, நுரையீரல் தமனி இரண்டுமே வலது கீழறையிலிருந்து கிளம்பும் பிறவிக் குறை ஒன்று உண்டு. டி.ஓ.ஆர்.வி. என்போம். இடது கீழறையில் இருக்கும் நல்ல ரத்தம் வெளியே போக, இரண்டு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள ஓட்டைதான் ஒரே வாசல். அதை அப்படியே அடைத்துவிட முடியாது. அங்கிருந்து மகாதமனிவரை பேட்ச் என்னும் ஒட்டுத் துண்டை வைத்து உள்ளுக்குள்ளேயே ஒரு சுரங்கப்பாதை போட வேண்டும். பாதைக்கு இடமிருந்தால் இரண்டு கீழறைகளும் வேலை செய்யும். இல்லாவிட்டால் பெரும்பாலும் ஒற்றைக் கீழறையை நம்பி, கட்டம் கட்டமாகச் செய்யும் ஃபான்டன் அறுவை சிகிச்சைதான் வழி. ஆயுள் முழுக்கத் தொடரும் வித்தியாசம் இது.

இதை ஆபரேஷன் மேசையில் முடிவு செய்வது கஷ்டம். நிறுத்தப்பட்ட இதயம் ரத்தம் வடிந்து துவண்டு கிடக்கும். அதனால்தான் முன்கூட்டியே அந்தக் குழந்தையின் இதயத்தை 3டி பிரிண்டரில் அச்சிட்டு மாதிரி செய்துகொள்கிறோம்.

என் வேலை ஸ்கேன் பார்ப்பது. சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படங்களில் ரத்தம் நிற்கும் இடத்தைப் பிரித்தெடுத்து, அதன்மேல் ஓடு போர்த்தினால் உள்ளே வெற்றான இதயம் கிடைக்கும். மென்பொருள் உதவும், ஆனாலும் ஒவ்வொரு படத்தையும் கண்ணால் பார்த்துத் திருத்தியே ஆக வேண்டும். பிறகு பிரிண்டர் மணிக்கணக்கில் ஓடும்.

ஒருமுறை ரப்பர்போல வளையும் மாதிரியை சர்ஜனிடம் கொடுத்தேன். ஆபரேஷனில் கீறப்போகும் அதே இடத்தில் கத்தியால் கீறி, உள்ளே எட்டிப் பார்த்தார். அப்புறம் பழைய கையுறையில் ஒரு துண்டை வெட்டி, பேட்ச் மாதிரி வளைத்து வைத்தார். எடுத்தார், ஓரத்தைக் கொஞ்சம் கத்தரித்தார், மறுபடி வைத்தார். “பாதை போகும்” என்றார். திரையில் நான் அரை மணி நேரம் சுழற்றிக் காட்டியபோது வராத பதில் அது.

சரி, மாதிரியை அப்படியே நம்பலாமா? கூடாது. வால்வைப் பிடித்திருக்கும் நூல் போன்ற இழைகள் சி.டி.யில் சரியாகத் தெரியாது. அவை பாதையின் குறுக்கே ஓடினால் இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனான எக்கோதான் சொல்லும். மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரும் மிக மெல்லியது. நான் செய்த ஒரு மாதிரியில் அங்கே இல்லாத ஓட்டை ஒன்று வந்துவிட்டது. எக்கோ பார்க்கும் சகா, “இங்கே சுவர் இருக்கிறதே?” என்று பிடித்தார். அன்றிலிருந்து எக்கோவுடன் ஒப்பிடாமல் எதையும் அச்சுக்கு அனுப்புவதில்லை.

பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு இதயக் குறை இருக்கிறது. அதில் சாதாரண ஓட்டைக்கு எக்கோவே போதும். மாதிரிக்காக மட்டும் பிஞ்சு உடம்பில் கூடுதல் கதிர்வீச்சு வேண்டாம். “ஏற்கெனவே எடுத்த ஸ்கேனிலிருந்தே செய்ய முடியுமா?” என்று கேளுங்கள்.

பெற்றோருக்கு விளக்கவும் மாதிரி நன்றாக உதவும். பச்சிளம் குழந்தையின் இதயத்தை இரண்டு மடங்காக அச்சிட்டு ஒரு தாயிடம் காட்டினேன். “இவ்வளவு பெரிசா வீங்கியிருக்கா?” என்று பதறிவிட்டார். இப்போதெல்லாம் நிஜ அளவில் ஒன்றையும் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறேன்.